கோட்டைப் பீரங்கியின் இருக்கை
சோழமண்டலக் கரையிலும் திருகோணமலையிலும் பீரங்கித் தாங்கிகளின் வரலாறு
(திருத்தணியில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கரையோரக் கோட்டைகளின் வரலாறு பெரும்பாலும் பீரங்கிக் குழலின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. குழலின் நீளம், வாயின் அகலம், குண்டின் எடை, வார்க்கப்பட்ட ஊர், வார்த்த ஆண்டு ஆகியவை நூல்களிலும் அருங்காட்சியக அட்டைகளிலும் தவறாமல் இடம்பெறுகின்றன. அந்தக் குழல் எதன்மேல் அமர்ந்து சுட்டது, எந்தப் பக்கம் திரும்பியது, எவ்வளவு தாழ்ந்து எவ்வளவு உயர்ந்தது என்பவை பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. குழலைச் சுமக்கும் வண்டி, வண்டி நகர்கிற தளம், தளத்தைத் தரையோடு பிணைக்கும் அச்சு, குழலை ஏற்றவும் இறக்கவும் உதவும் பொறி ஆகிய அனைத்தையும் சேர்த்தே இங்குப் பீரங்கித் தாங்கி என்று குறிப்பிடப்படுகிறது.

தாங்கிக்கு நான்கு கடமைகள் உண்டு. பல டன் எடையை அசையாமல் சுமக்க வேண்டும். சுடும்போது குழல் பின்னோக்கிப் பாயும் விசையை, அதாவது பின்னுதைப்பை, அடக்க வேண்டும். குழலை இலக்கின் திசைக்கும் தொலைவுக்கும் ஏற்ப விரைவாகத் திருப்பித்தர வேண்டும். சுடுவோரை எதிரியின் குண்டிலிருந்து மறைக்க வேண்டும். இந்நான்கும் ஒன்றோடொன்று எளிதில் ஒத்துப்போவன அல்ல. நன்றாக மறைத்தால் பார்வை குறுகும், பார்வையை விரித்தால் மறைப்பு குறையும், எளிதாகத் திரும்பும்படி செய்தால் உதைப்பைத் தாங்கும் உறுதி குறையும். எனவே ஒவ்வொரு தாங்கியும் இவற்றுள் எதை விட்டுக்கொடுத்து எதைப் பெறுவது என்று அதைச் செய்தோர் எடுத்த ஒரு முடிவாகும். அம்முடிவுக்கு அடிப்படையாக இருந்தது, எதிரி எந்தத் திசையிலிருந்து எவ்வளவு வேகத்தில் வருவான் என்ற கணிப்பு. அக்கணிப்பு பிழைத்த இடங்களில் எவ்வளவு பெரிய குழலும் பயன்படாமல் போனது என்பதே இச்சொற்பொழிவின் மையக் கருத்து.

கடலிலிருந்து உள்ளே தள்ளி, ஆந்திர எல்லையை ஒட்டிய மலைக்கோயில் ஊரான திருத்தணியில் இப்பொருளைப் பேசுவதற்குக் காரணங்கள் உண்டு. சோழமண்டலக் கரையின் தொடக்ககால ஐரோப்பியக் கோட்டைகளுள் ஒன்று நின்ற பழவேற்காடு, திருத்தணி அமைந்துள்ள திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. சென்னைக் கோட்டையை 18ஆம் நூற்றாண்டில் அச்சுறுத்திய தரைப்படைகள் நடமாடியதும், அவற்றோடு போர் நடந்ததும் இவ்வட்டாரத்துச் சமவெளியில்தான். இன்று இக்கரையின் காவலில் பெரும் பங்கு வகிக்கும் கடற்படை வானூர்தித் தளமும் பக்கத்து ஊரான அரக்கோணத்தில் அமைந்திருக்கிறது.

மரச்சக்கர வண்டி

ஒல்லாந்தர் பழவேற்காட்டில் 1613இல் கட்டி முடித்த கெல்டிரியா கோட்டையும், டென்மார்க்கு நாட்டார் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு 1620இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்பேரில் தரங்கம்பாடியில் எழுப்பிய டான்ஸ்போர்க் கோட்டையும், ஆங்கிலேயர் 1640இல் சென்னையில் தொடங்கிய புனித ஜார்ஜ் கோட்டையும் முதலில் வணிகக் கிடங்குகளைக் காக்க எழுந்தவை. கப்பல்களில் வந்த பீரங்கிகளே இவற்றின் கொத்தளங்களிலும் ஏறின. ஆகவே கப்பல் தளத்துக்கென அமைந்த தாழ்ந்த மரவண்டியும், சிறு மாறுதல்களோடு, கோட்டைக்கு வந்து சேர்ந்தது.

இவ்வண்டியின் அமைப்பு எளியது. தடித்த இரண்டு பக்கப்பலகைகளை அச்சுக்கட்டைகளால் இணைத்து, அடியில் நான்கு சிறு சக்கரங்களைப் பொருத்தினார்கள். குழலின் நடுப்பகுதிக்குச் சற்று முன்னே, இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் உருண்டை முளைகள் பக்கப்பலகைகளின் மேல்விளிம்பில் வெட்டிய பள்ளங்களில் அமரும். அச்சுமுளைகள் எனப்படும் இவற்றின்மேல்தான் குழல் மேலும் கீழும் அசையும். குழலின் பின்பகுதி சற்றுக் கூடுதல் எடையோடு வார்க்கப்பட்டதால் அது தானே கீழே சாய்ந்து ஓர் ஆப்பின்மேல் படிந்திருக்கும். ஆப்பை உள்ளே தள்ளினால் பின்பகுதி உயர்ந்து வாய் தாழும், வெளியே இழுத்தால் வாய் உயரும். திசையை மாற்ற வேண்டுமானால் வீரர்கள் நெம்புகட்டைகளை வண்டியின் பின்புறத்தின் கீழ்க் கொடுத்து முழு வண்டியையும் தள்ளித் திருப்ப வேண்டும்.

பின்னுதைப்பை அடக்க இவ்வண்டியில் தனிப் பொறி எதுவும் இல்லை. வண்டி பின்னே உருளுவதே அடக்கும் முறையாக இருந்தது. 24 பவுண்டுக் குண்டை நொடிக்கு ஏறத்தாழ 1,500 அடி வேகத்தில் எறியும் குழலும் அதன் வண்டியும் சேர்ந்து 6,000 பவுண்டுக்கு மேல் எடை கொண்டவை என்று வைத்துக்கொண்டால், குண்டின் உந்தத்துக்கு ஈடாக வண்டி நொடிக்கு 5 முதல் 6 அடி வேகத்தில் பின்னோக்கிப் புறப்படும். வெடிமருந்துப் புகையின் உந்தலைச் சேர்த்தால் அவ்வேகம் இன்னும் கூடும். சக்கரத்தின் உராய்வும் பின்னோக்கி உயரும் தளத்தின் சரிவும் சேர்ந்து சில அடிகளில் அதை நிறுத்தும். அதன்பின் குழலைத் துடைத்து, மருந்தும் குண்டும் இட்டு, பல ஆட்கள் சேர்ந்து வண்டியை மீண்டும் முன்னே உருட்டி, திசையையும் ஏற்றத்தையும் புதிதாகப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வெடிக்கும் பின்னர் இலக்கை முதலிலிருந்து தேட வேண்டியிருந்ததே இவ்வண்டியின் அடிப்படைக் குறை.

இக்கரையின் வெயிலும் உப்புக் காற்றும் மழையும் கரையானும் மரவண்டிகளை விரைவில் அழித்தன. வார்ப்பிரும்பில் செய்த வண்டிகள் பருவநிலையைத் தாங்கின என்றாலும், எதிரியின் குண்டு பட்டால் அவை நொறுங்கித் துண்டுகளாகச் சிதறி அருகில் நின்றோரையே கொல்லக்கூடியவை. அதனால் அமைதிக்காலத்தில் குழலைச் சுமந்து நிற்பதற்கும், எதிரிக் குண்டு எட்டாத பக்கங்களுக்குமே இரும்பு வண்டி ஏற்றதெனக் கருதப்பட்டது. நம் கோட்டைகளில் குழல்கள் மிஞ்சியிருக்க, அவற்றைச் சுமந்த வண்டிகள் பெரும்பாலும் மறைந்துபோனதற்கு மரத்தின் இந்த அற்ப ஆயுளே முதற்காரணம்.

இதற்கு நேர்மாறான ஓர் எடுத்துக்காட்டு தஞ்சாவூரின் கிழக்குக் கோட்டைவாசல் அருகே உயர்ந்த மேட்டில் இருக்கும் இராசகோபாலப் பீரங்கி. நாயக்கர் காலத்தில் இரும்புப் பட்டைகளையும் வளையங்களையும் இணைத்து உருவாக்கப்பட்ட, ஏறத்தாழ ஏழரை மீட்டர் நீளமும் 20 டன்னுக்கு மேற்பட்ட எடையும் கொண்ட அக்குழல், மேட்டின்மேல் ஒரே திசை நோக்கிக் கிடக்கிறது. நகராத கோட்டைவாசலை நகராத குழல் காப்பது பொருந்தும். நகரும் கப்பலை எதிர்கொள்ளும் கடற்கரைக்கு அந்த அமைப்பு பொருந்தாது.

சுவர்த் திறப்பும் சுழல்தளமும்

கொத்தளத்தின் மேல் பீரங்கியை வைக்க இரண்டு வழிகள் இருந்தன. மார்பளவுச் சுவரை இடையிடையே வெட்டி, உட்புறம் குறுகியும் வெளிப்புறம் விரிந்தும் இருக்கும் திறப்புகளை அமைத்து, அவற்றின் வழியே சுடுவது ஒன்று. சுவரை வெட்டாமல் பீரங்கியை உயர்ந்த மேடையில் ஏற்றிச் சுவருக்கு மேலாகச் சுடுவது மற்றொன்று. திறப்பின்வழிச் சுடும்போது வீரர்க்குப் பாதுகாப்பு மிகுதி, பார்வை குறைவு. திறந்த மேடையில் பார்வை மிகுதி, பாதுகாப்பு குறைவு. தரைப்பக்கத்தில் முற்றுகையிடும் படை ஒரே இடத்தில் மண்மேடு எழுப்பி நின்று சுடுமாகையால் திறப்பு போதுமானது. கடற்பக்கத்தின் நிலை வேறு. மணிக்கு 6 கடல்மைல் வேகத்தில் செல்லும் பாய்க்கப்பல் நொடிக்கு ஏறத்தாழ 10 அடி நகரும்; ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் இடையே 2 நிமிடம் கழிந்தால் அது 1,200 அடி தள்ளிப் போயிருக்கும். 1,000 கெஜத் தொலைவில் கரைக்கு இணையாகச் செல்லும் கப்பலுக்கு அதன் பொருள், பீரங்கி 20 பாகைக்கு மேல் திரும்ப வேண்டும் என்பதாகும். இரண்டு மூன்று வெடிகளுக்குள் கப்பல் திறப்பின் பார்வையைக் கடந்துவிடும்.

இச்சிக்கலுக்கு விடையாக வந்ததுதான் சுழல்தளம். பிரெஞ்சுப் பீரங்கிப்படைச் சீர்திருத்தக்காரரான கிரிபோவால் 18ஆம் நூற்றாண்டில் வடிவமைத்த கரையோரத் தாங்கியில், மேல்வண்டி நீண்ட மரச்சட்டம் ஒன்றின்மேல் முன்னும் பின்னும் நகர்ந்தது. சட்டத்தின் முன்முனை தரையில் ஊன்றிய அச்சில் பொருந்தியிருக்க, பின்முனை சிறு சக்கரங்களின்மேல் வட்டவில் வடிவில் நகர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷார் இதே கருத்தை வளர்த்து, சக்கரங்கள் ஓட வளைந்த இரும்புத் தண்டவாளங்களைக் கல்தளத்தில் பதித்தார்கள். இதனால் இரண்டு நன்மைகள் விளைந்தன. சட்டம் பின்னோக்கி உயர்ந்து சரிவாக இருந்ததால், பின்னே ஏறிய வண்டி தன் எடையாலேயே முன்னே இறங்கத் துணைபுரிந்தது. வண்டி உதைத்துப் பின்வாங்கினாலும் சட்டத்தின் திசை மாறாததால், ஒவ்வொரு முறையும் இலக்கைப் புதிதாகத் தேடும் வேலை குறைந்தது. கோட்டையின் குழல் போய்விட்டாலும், மரச்சட்டம் அழிந்துவிட்டாலும், கல்லில் பதித்த இந்த வளைகோடுகள் எஞ்சியிருந்தால், பீரங்கி எந்தக் கோணத்திலிருந்து எந்தக் கோணம்வரை திரும்பியது என்பதை இன்றும் அளந்து சொல்ல முடியும்.

மலைக்கோட்டைகளுக்கு வேறொரு சிக்கல் இருந்தது. உயரத்திலிருந்து அடிவாரத்தைச் சுட வேண்டுமானால் குழலின் வாய் மிகவும் தாழ வேண்டும். சாதாரண வண்டியில் அவ்வளவு தாழ்த்தினால் குண்டு உருண்டு விழுவதோடு உதைப்பும் வண்டியைக் கவிழ்க்கும். ஜிப்ரால்டர் முற்றுகையின்போது 1782இல் கோலர் என்னும் பிரிட்டிஷ் அதிகாரி செய்த தாழ்வுத் தாங்கியில், குழல் முன்முனையில் கீல்பூட்டிய ஒரு படுக்கையில் அமர்ந்து, செங்குத்துக்கு நெருங்கும் அளவு கீழ்நோக்கிச் சாய்ந்தது. தட்டையான மணற்கரையில் அமைந்த சென்னைக்கோ பழவேற்காட்டுக்கோ இத்தகைய தாங்கி தேவைப்பட்டதில்லை. தாங்கியின் வடிவத்தை இடத்தின் நில அமைப்பு தீர்மானிக்கிறது என்பதற்கு இது தெளிவான சான்று.

கடலை நோக்கிய குழலும் நிலவழி வந்த படையும்

18ஆம் நூற்றாண்டில் சென்னைக்குத் துறைமுகம் இருக்கவில்லை. கப்பல்கள் அலை உடையும் எல்லைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்க, மசூலாப் படகுகள் ஆட்களையும் சரக்குகளையும் கரைக்குக் கொண்டுவந்தன. கோட்டையின் கிழக்குச் சுவரை ஒட்டியே கடல் இருந்தது. கிழக்கு முகப்புப் பீரங்கிகள் நங்கூரமிட்ட வணிகக் கப்பல்களுக்குப் பாதுகாப்பளித்தன. எதிரிக் கப்பல் நெருங்கினால் தடுக்கவும் அவை கடலை நோக்கி நின்றன. ஆனால் 1746 செப்டம்பரில் லா பூர்தொனே தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை, கோட்டையின் கடல்முகப்பைக் கப்பலால் உடைக்க முயலாமல், தெற்கே படைகளை இறக்கித் தரையில் பீரங்கிகளை நிறுவிச் சுட்டது. கப்பல்களும் கடலிலிருந்து சுட்டன. சில நாள்களில் கோட்டை சரணடைந்து, 1749இல்தான் ஆங்கிலேயர் கைக்குத் திரும்பியது. 1758 டிசம்பர் முதல் 1759 பிப்ரவரி வரை பிரெஞ்சுத் தளபதி லாலி நடத்திய முற்றுகையும் தரைவழி முற்றுகையே. அது தோற்றதற்குக் கடல்வழியே ஆங்கிலேயக் கப்பல்கள் வந்து சேர்ந்ததும் ஒரு காரணம்.

இவ்விரு பட்டறிவுகளுக்கும் பின்னர் எழுப்பப்பட்ட புதிய அரண்களின் வரைபடமே அவற்றின் பாடத்தைக் காட்டுகிறது. ஜான் கால், பாட்ரிக் ராஸ் முதலிய பொறியாளர்களின் மேற்பார்வையில் வளர்ந்து 1783ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற கோட்டையில், கடற்பக்கம் ஏறத்தாழ நேர்கோட்டுச் சுவராக இருக்க, தரைப்பக்கமோ கொத்தளங்களும் முன்னரண்களும் அகழியுமாகப் பல அடுக்குகளில் விரிந்தது. கடற்கோட்டை என்று பெயர்பெற்ற ஒன்றின் முழு வலிமையும் நிலத்தை நோக்கித் திரும்பியது.

தரைவழித் தாக்குதல் பற்றிய அந்த அச்சம் வீணானதன்று. 1780இல் மைசூரின் ஐதர் அலியின் படை கருநாடகச் சமவெளியில் இறங்கியபோது அதன் குதிரைப்படை சென்னையின் புறநகர்வரை வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் ஆங்கிலேயப் படைப்பிரிவு ஒன்று அழிந்தது. அடுத்த ஆண்டு ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் திருவள்ளூருக்கு அருகிலுள்ள திருப்பாச்சூர்க் கோட்டையைக் கைப்பற்றியபின் புள்ளலூரிலும், 1781 செப்டம்பர் 27 அன்று சோளிங்கரிலும் ஐதரோடு பொருதினார். திருத்தணியைச் சுற்றியுள்ள இந்த ஊர்களின் போர்ச்செய்தியைக் கருத்தில் கொள்ளாமல், சென்னைக் கடற்கரைக் கோட்டையின் பீரங்கிகள் ஏன் மேற்கு நோக்கி நின்றன என்பதை விளக்க இயலாது.

திருகோணமலையிலும் 1782இல் இதே பாடம் திரும்ப எழுதப்பட்டது. ஆழமான இயற்கைத் துறைமுகத்தின் வாயிலைக் காக்கும் ஒசுடன்பர்க் கோட்டையும், கோணேசுவரம் அமைந்த சுவாமிமலைக் குன்றின்மேல் போர்த்துகீசியர் எழுப்பிப் பின்னர் ஒல்லாந்தர் கைக்கு வந்த பெரிய கோட்டையும், கப்பல்களுக்கு எதிராக மிகச் சிறந்த உயரத்தைப் பெற்றிருந்தன. ஆயினும் அவ்வாண்டு சனவரியில் ஆங்கிலேயரும் ஆகஸ்டு இறுதியில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுப்ரேனும் அடுத்தடுத்து அவற்றைக் கைப்பற்றியபோது, இருவரும் கரையில் படை இறக்கி நிலவழியாகவே நெருங்கினார்கள். கடலை நோக்கித் தளம் அமைத்துக் குழல்களை இருத்திய கோட்டைக்கு, முதுகுப்பக்கம் திரும்பிச் சுடும் வசதி கடைசி நாளில் கிடைக்கவில்லை.

இரும்பும் நீரழுத்தமும்

1860களில் இரும்புக்கவசம் பூண்ட நீராவிக் கப்பல்கள் வந்ததும் பழைய மரவண்டிகளின் காலம் முடிந்தது. கவசத்தைத் துளைக்க 7 அங்குலம், 9 அங்குலம், 10 அங்குலம் என வாய் அகன்று, உட்புறம் திருகுவரி வெட்டிய குழல்கள் தேவைப்பட்டன; அவற்றின் உதைப்பை மரத்தாலும் உராய்வாலும் அடக்க முடியவில்லை. முதலில் இரும்புச் சட்டத்தில் தட்டுகளை இறுக்கி உராய்வைக் கூட்டும் அமுக்கிகள் வந்தன. பின்னர் நீரழுத்த அடக்கி வந்தது: திரவம் நிறைந்த உருளைக்குள் துளையிட்ட உந்துதண்டு ஒன்று குழலோடு பிணைக்கப்பட்டிருக்கும், குழல் பின்னே பாயும்போது திரவம் அச்சிறு துளைகளின் வழியே பிதுங்கிச் செல்ல வேண்டியிருப்பதால், பாய்ச்சலின் ஆற்றல் திரவத்தின் வெப்பமாக மாறித் தணியும். இக்காலத்தின் உச்சமாக, ஆம்ஸ்ட்ராங் நிறுவனம் மால்டாவிலும் ஜிப்ரால்டரிலும் நிறுவிய 100 டன் குழல்களைத் திருப்புவதற்கும் அவற்றில் குண்டு இடுவதற்கும்கூட நீராவி எந்திரத்தால் இயங்கும் நீரழுத்தமே பயன்பட்டது.

மறைப்புக்கும் பார்வைக்கும் இடையிலான பழைய முரண்பாட்டைத் தீர்க்க முயன்றவர் ஸ்காட்லாந்தின் மான்கிரீஃப். கிரீமியப் போரில் செவஸ்தபோல் முற்றுகையைப் பார்த்த அவர், பின்னுதைப்பை வீணாக்காமல் சேமித்துவைக்கும் தாங்கி ஒன்றை வடிவமைத்தார். 1868இல் 7 அங்குலக் குழலோடு அது சோதிக்கப்பட்டது. குழல் சுட்டவுடன் உதைப்பு அதைப் பின்னும் கீழுமாகச் சாய்த்துச் சுவருக்குக் கீழே இறக்கும். அதே அசைவில் மறுமுனையிலுள்ள பெரும் இரும்பு எடை மேலே உயரும். வீரர்கள் சுவரின் மறைவில் குண்டு இட்டபின் தடையை விடுவித்தால், எடை இறங்கிக் குழலை மீண்டும் சுவருக்கு மேலே உயர்த்தும். பின்னர் இரும்பு எடைக்குப் பதில் அழுத்தப்பட்ட காற்றும் திரவமும் வந்தன. 1885இல் இங்கிலாந்தின் போர்ட்லண்டில் நடந்த சோதனையில், ஹெர்குலிஸ் என்னும் போர்க்கப்பல் இத்தகைய பீரங்கியின் மாதிரி ஒன்றை நோக்கிச் சுட்டுப்பார்த்தும் அதைத் தாக்க முடியவில்லை.

ஆயினும் மறைபீரங்கி எனப்படும் இவ்வகை நெடுநாள் நிலைக்கவில்லை. அதன் சுடுவேகம் குறைவு, பொறிகள் பல, விலை மிகுதி. புகையற்ற வெடிமருந்து வந்தபின், தாழ்வாகக் கட்டி மண்ணால் மூடிய திறந்த மேடையில் இருக்கும் பீரங்கியையும் கடலிலிருந்து கண்டுபிடிப்பது கடினமாயிற்று. மறைபீரங்கிக்கு இருந்த தனிச்சிறப்பு அத்தோடு போயிற்று. அதன் இடத்தில் நடு அச்சுத் தாங்கி வந்தது. இதில் குழல் ஒரு தொட்டில் போன்ற உறைக்குள் நேர்கோட்டில் சிறிதளவே பின்வாங்கும். நீரழுத்த அடக்கி அதைத் தடுக்க, சுருள்வில்லோ அழுத்தப்பட்ட காற்றோ அதை உடனே முன்னிடத்துக்குத் தள்ளும். தொட்டிலும் கேடயமும் சுடுவோரும் ஒரே தூணைச் சுற்றித் திரும்பலாம். 100 பவுண்டுக் குண்டை நொடிக்கு ஏறத்தாழ 2,500 அடி வேகத்தில் எறிந்த 6 அங்குலப் பீரங்கியின் குண்டு உந்தம், பழைய 24 பவுண்டுப் பீரங்கியின் உந்தத்தைப்போல் ஏழு மடங்கு. இருந்தும் அதன் தாங்கி இருந்த இடத்தைவிட்டு ஓர் அங்குலமும் நகரவில்லை. சுட்டபின்னும் இலக்கு குறிகாட்டியின் பார்வையிலேயே இருந்ததால், தொடர்ந்து விரைவாகச் சுடுவது முதன்முறையாகக் கைகூடியது. பிரிட்டிஷ் பேரரசின் துறைமுகங்கள் பலவற்றில் இதே 6 அங்குலமும், 380 பவுண்டுக் குண்டை எறிந்த 9.2 அங்குலமும் நிலையான காவல் பீரங்கிகளாயின.

உயரமும் தொலைவும்

தாங்கி உறுதியானபின் எஞ்சிய சிக்கல் தொலைவை அளப்பது. வாட்கின் என்னும் பிரிட்டிஷ் பீரங்கிப்படை அதிகாரி 1870களில் உருவாக்கிய தொலைவுமானி ஓர் எளிய முக்கோணத்தை அடிப்படையாகக் கொண்டது. திருத்தணி மலைப்படிகளின் உச்சியில் நிற்பவர் அடிவாரத் தெருவைப் பார்க்கத் தலையை அதிகம் தாழ்த்த வேண்டும், தொலைவிலுள்ள வயலைப் பார்க்கச் சிறிதே தாழ்த்தினால் போதும். நிற்கும் உயரம் தெரிந்தால், பார்வை தாழும் கோணத்திலிருந்தே தொலைவைக் கணக்கிடலாம். கடல்மட்டத்துக்கு மேல் 200 அடி உயரத்திலிருந்து 2,000 கெஜத் தொலைவிலுள்ள கப்பலின் நீர்க்கோட்டைப் பார்த்தால் கோணம் ஏறத்தாழ 1.9 பாகை, 4,000 கெஜத்தில் அது பாதியாகக் குறையும். பின்னர் இக்கணக்கைப் பற்சக்கரங்களால் தாங்கியிலேயே பொருத்தி, சுடுவோர் கப்பலின் நீர்க்கோட்டைக் குறிபார்த்தாலே குழல் தானே உரிய ஏற்றத்தைப் பெறும்படி செய்தார்கள். தாங்கி அங்கே கணிக்கும் கருவியாகவும் ஆனது.

இம்முறை உயரத்தை நம்பியது. 200 அடி உயரத்தில் கடல்மட்டம் ஓதத்தால் 2 அடி ஏறினால் தொலைவில் நூற்றுக்கு ஒரு பங்கு பிழை வரும். 30 அடி உயரக் கொத்தளத்திலோ அதே 2 அடி, நூற்றுக்கு 6 பங்குக்கு மேல் பிழை உண்டாக்கும். கோணங்களும் மிகச் சிறியனவாகி, அளப்பதே கடினமாகும். ஆகவே திருகோணமலையின் குன்றுகளுக்கு இயல்பாகப் பொருந்திய கருவி, சென்னையின் தட்டையான மணற்கரைக்குப் பொருந்தவில்லை. இத்தகைய கரையில் தொலைவை அளக்க, ஒன்றுக்கொன்று விலகிய இரண்டு நோக்கிடங்களிலிருந்து ஒரே கப்பலைப் பார்த்து, கோணங்களைத் தந்தியாலோ தொலைபேசியாலோ பகிர்ந்துகொள்ளும் முறையே தகும். அதற்கு ஆளும் பயிற்சியும் ஒருங்கிணைப்பும் வேண்டும்.

1914: சென்னைக்கு வந்த சோதனை

1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணியளவில் ஜெர்மானியக் கப்பலான எம்டன் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்தபோது இவ்வளவும் சோதிக்கப்பட்டன. கார்ல் ஃபான் முல்லர் தலைமையிலான அக்கப்பலில் 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகள் பத்து இருந்தன. அவை கடற்கரைப் பீரங்கிகளோடு ஒப்பிடப் பெரியவை அல்ல. கப்பல் ஏறத்தாழ 3,000 கெஜத் தொலைவில் நின்று, தன் ஒளிவிளக்கைக் கரைமேல் பாய்ச்சி, பர்மா எண்ணெய்க் குழுமத்தின் தொட்டிகளைக் கண்டறிந்து, சுமார் 125 குண்டுகளைச் சுட்டது. இரண்டு தொட்டிகள் தீப்பற்றின. உயர்நீதிமன்றம் உட்பட நகரின் சில இடங்களிலும் குண்டுகள் விழுந்தன. கரைப் பீரங்கிகள் பதிலுக்குச் சில குண்டுகள் சுட்டபோதிலும், ஒன்றும் கப்பலைத் தாக்கவில்லை. கால் மணி நேரத்துக்குள் எம்டன் விளக்கை அணைத்து இருளில் மறைந்தது. அதைத் தொடர்ந்து மக்கள் பெருந்திரளாக நகரைவிட்டு வெளியேறினார்கள்.

இந்நிகழ்ச்சி பெரும்பாலும் எம்டனின் துணிச்சலாகவே பேசப்படுகிறது. பீரங்கித் தாங்கியின் வரலாற்றில் அதற்கு வேறொரு பொருள் உண்டு. கரையில் குழல் இருந்தது, தாங்கி இருந்தது, சுடுவோரும் இருந்தார்கள். ஆனால் எதிரி இரவில் வந்து சில நிமிடங்களில் திரும்பிவிடுவான் என்ற கணிப்பு இல்லை. துறைமுக விளக்குகள் அமைதிக்காலத்தில்போல எரிந்துகொண்டிருந்தன. கப்பலுக்கு வழிகாட்டியது அந்த ஒளியே. ஒளிவிளக்கும் தொலைவுமானியும் எச்சரிக்கைத் தொடர்பும் இல்லாத தாங்கி, எவ்வளவு உறுதியாக ஊன்றப்பட்டிருந்தாலும் இருளை நோக்கித்தான் சுட முடியும்.

1942: கடைசிப் பாடம்

இரண்டாம் உலகப்போரின்போது திருகோணமலை பிரிட்டிஷ் கீழைக் கடற்படையின் முதன்மைத் தளங்களுள் ஒன்றாயிற்று. ஒசுடன்பர்க் முகட்டில் 6 அங்குலப் பீரங்கிகள் நிறுவப்பட்டிருந்தன. அப்பகுதியில் இன்று இலங்கைக் கடற்படை நடத்தும் ஹூட்ஸ் டவர் அருங்காட்சியகத்தில் அவ்வகைப் பீரங்கியைத் தாங்கியோடும் மேடையோடும் காணலாம். ஆனால் 1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பையும் 9 அன்று திருகோணமலையையும் தாக்கிய சப்பானியக் கப்பற்படை, கரைப் பீரங்கியின் எட்டுத்தொலைவுக்குள் வரவேயில்லை. விமானந்தாங்கிக் கப்பல்கள் தொலைவில் நின்றுகொள்ள, விமானங்களே வந்தன. கப்பலை நோக்கித் திரும்பும்படி அமைந்த 6 அங்குலத் தாங்கிக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

தமிழர் பலர் வாழ்ந்த சிங்கப்பூரில் அதற்கு இரண்டு மாதம் முன்னரே பெரிய அளவில் இப்பாடம் நிகழ்ந்திருந்தது. அங்கே ஐந்து 15 அங்குலப் பீரங்கிகள் நிறுவப்பட்டிருந்தன. அவை கடலை நோக்கி மட்டுமே திரும்பக்கூடியவையாக இருந்ததால்தான் நகரம் வீழ்ந்தது என்ற கூற்று இன்றும் பரவலாக வழங்குகிறது. உண்மை சற்று வேறு. அவற்றுள் சிலவற்றின் தாங்கிகள் நிலப்பக்கமும் திரும்பக்கூடியவை. திரும்பிச் சுடவும் செய்தன. ஆனால் அவற்றுக்குத் தரப்பட்டிருந்த குண்டுகளில் பெரும்பாலானவை கப்பலின் கவசத்தைத் துளைப்பவை. மண்ணில் புதைந்து வெடிக்கும் அவை சிதறி நிற்கும் காலாட்படைக்குப் பெரிய தீங்கு செய்யவில்லை. 1746இல் சென்னையிலும் 1782இல் திருகோணமலையிலும் கோட்டையின் அமைப்பில் இருந்த கணிப்புப் பிழை, 1942இல் சிங்கப்பூரில் குண்டுக் கிடங்கில் இருந்தது.

தாங்கி இன்று இருக்கும் இடம்

பிரிட்டன் தன் கரையோரப் பீரங்கிப் படையை 1956இல் கலைத்தது. மற்ற நாடுகளிலும் ஏவுகணையும் விமானமும் அதன் இடத்தைப் பிடித்தன. திருத்தணிக்கு அருகே அரக்கோணத்தில் 1992 மார்ச்சில் தொடங்கப்பட்ட ஐ.என்.எஸ். இராஜாளி கடற்படை வானூர்தித் தளத்திலிருந்து முதலில் து-142 விமானங்கள் இந்தியப் பெருங்கடலில் நெடுந்தொலைவு பறந்து கண்காணித்தன; 2013 முதல் பி-8ஐ விமானங்கள் அப்பணியைச் செய்கின்றன. கப்பலைத் தாக்கும் ஏவுகணையையும் பி-8ஐ சுமந்து செல்லும். சுமத்தல், திருப்புதல், மறைத்தல் ஆகிய பழைய தேவைகளும் பின்னர் சேர்ந்த தொலைவளத்தலும் இன்று விமானத்தின் இறக்கைக்கும் ரேடாருக்கும் நெடுந்தொலைவுக்கும் உரியனவாகிவிட்டன. கரையைக் காக்கும் தளம் கரையிலேயே இருக்க வேண்டும் என்ற தேவையும் அதோடு நீங்கியது.

எஞ்சியிருப்பது பழைய தாங்கிகளின் சுவடுகளை என்ன செய்வது என்ற கேள்வி. சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்திலும் எழும்பூர் அருங்காட்சியகத்திலும் தரங்கம்பாடியிலும் காட்சிக்கு இருக்கும் குழல்கள் தம் காலத்துத் தாங்கிகளை இழந்தவை. ஒரு குழலை அண்மைக்காலத்துத் திண்டின்மேல் கிடத்தினால் அதன் எடையும் நீளமும் மட்டுமே பார்ப்பவருக்குத் தெரியும். அது எப்படி உதைத்தது, எத்தனை பேர் அதைத் திருப்பினார்கள், எந்தக் கடலையோ எந்தச் சாலையையோ காத்தது என்பது தெரியாது. ஒவ்வொரு வகைக்கும் ஒரு மரவண்டியாவது பழைய வரைபடங்களின்படி செய்து வைக்கலாம்; அதை ஒரு தச்சுப் பட்டறையே செய்து முடிக்கும். கோட்டைகளைப் பழுதுபார்க்கும்போது கொத்தளத் தரையிலுள்ள அச்சுக்குழிகளையும், வளைதண்டவாளப் பள்ளங்களையும், கயிறு கட்டும் வளையங்களையும் சுண்ணச்சாந்தால் மூடிவிடாமல் அளந்து பதிவுசெய்தல் வேண்டும். கெல்டிரியா கோட்டையின் சிதைவுகள் கிடக்கும் பழவேற்காட்டில் இவ்வேலையைத் தொடங்க, இம்மாவட்டத்துக் கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகளும் பொறியியல் துறைகளும் ஒன்றாகச் சேர்ந்தால் போதும். குறைந்தது கொத்தளங்களின் எல்லைக்கோடும் அவை நோக்கிய திசைகளும் வரைபடமானால், நானூறு ஆண்டுகளுக்கு முன் அக்கரையில் இறங்கியவர்கள் கடலுக்கு எவ்வளவு அஞ்சினார்கள், நிலத்துக்கு எவ்வளவு அஞ்சினார்கள் என்பதற்குக் கணக்கோடு விடை கிடைக்கும்.